சர்க்கரையும் தாம்பத்தியமும்: குடியாத்தத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவன் எழுதுவது

இரவு ஒன்பதரைக்கு மேல், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. சட்டைப் பையிலிருந்து விறைப்புக்கான மாத்திரையின் காலி அட்டை ஒன்றை எடுத்து, அதன் பெயர் எனக்குத் தெரியும்படி திருப்பி வைப்பார்கள். வாய் திறக்க மாட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரை எனக்கு வேறு விதத்திலும் தெரியும். மாதம் பிறந்தால் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் வாங்க வருகிறவர்கள்தாம் அவர்கள். பகலில் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவரும் இரவில் அந்த அட்டையை நீட்டுகிறவரும் ஒரே ஆள் என்பது எனக்குத் தெரிகிறது. அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் சர்க்கரை உண்டு. 42 வயதில் கண்டுபிடித்தார்கள்; இப்போது 54. விறைப்பில் குறை தென்பட்டது 49 வயதில். ஒரே இரவில் வந்த மாற்றம் இல்லை. முதலில் விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு அபூர்வமானது. பிறகு உறவின் நடுவிலேயே தளர்வு. அதற்கும் பிறகு, ‘இன்றும் அப்படி ஆகிவிடுமோ’ என்ற பயம் முன்னால் வந்து நின்றுகொண்டது. ஆசை குறையவில்லை. உடல்தான் கூட வர மறுத்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பல ஆண்கள், “எனக்கு வயதாகிவிட்டது” என்று தங்களுக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். நாற்பத்தைந்து வயது ஆள் அப்படிச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

சர்க்கரை கண்ணைப் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், காலில் புண் வந்தால் ஆறாது என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் பாட்டிக்கும் தெரியும். இந்த ஒன்றை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால் இது அரிதான விஷயமே இல்லை. பல நாடுகளில் நடந்த 145 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் ஒரு ஆய்வு வெளியானது. சர்க்கரை நோயுள்ள ஆண்களில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு விறைப்புக் குறைபாடு இருப்பதாக அது சொன்னது. சர்க்கரை இல்லாதவர்களைவிட இவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே அது வந்துவிடுகிறது.

மருத்துவரிடம் சொல்வதுதான் பெரிய மலை. மருந்தாளுநர் படிப்பான டி.ஃபார்ம். படித்தவன் நான், எந்த நரம்பு, எந்த மருந்து என்று ஏட்டில் படித்திருக்கிறேன். ஆனாலும் நான் காட்டும் இடத்தில், டாக்டர் அறைக்குள்ளேயே பெஞ்சு போட்டு அடுத்த மூன்று பேரை உட்கார வைத்திருப்பார்கள். அதில் ஒருவர் நம் தெருக்காரராக இருப்பார். இல்லையென்றால் மகனுடைய பள்ளி ஆசிரியையாக இருப்பார். அங்கே எப்படி வாய் வரும்? நான் செய்தது இதுதான். சர்க்கரை அளவு குறித்து வைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், முந்தைய இரவே எழுதி வைத்தேன்: “ஏழெட்டு மாதமாக உறவின்போது விறைப்பு நிற்பதில்லை. காலையிலும் வருவதில்லை. தனியாகப் பேச வேண்டும்.” என் முறை வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். அவர் படித்தார்; நிமிர்ந்து என்னைப் பார்த்தார்; நர்ஸைக் கூப்பிட்டு மற்றவர்களை வெளியே அமரச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. அதன் பிறகு பேச்சு தானாக வந்தது.

யாரேனும் என்னிடம் வழி கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். ‘பலவீனமாக இருக்கிறது’, ‘உடம்பு அசதி’ என்று சுற்றி வளைத்து எழுதாதீர்கள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விறைப்பு வரவில்லையா, வந்து நிற்கவில்லையா, ஆசையே இல்லையா, விந்து வெளிவரவில்லையா, எத்தனை காலமாக என்று நேராக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு, எங்கள் சுற்று வட்டாரத்தில் நிறையப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. கொண்டு வருகிறவர் அதே ஊர்ப் பெண் தன்னார்வலர். அருமையான திட்டம்; தறியை நிறுத்திவிட்டுக் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டிய தேவை இல்லாமல் செய்தது. ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதால் மருத்துவர் முகத்தைப் பார்க்காமலே வருடக்கணக்கில் இருந்துவிடுகிற ஆண்களும் இருக்கிறார்கள். தங்கை முறையாகும் பெண்ணிடம் வாசலில் நின்று இதைச் சொல்லவா முடியும்? இப்படிப்பட்ட தொல்லை இருக்கிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

என் மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகளில் பாதி, கட்டிலைப் பற்றியவையே இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் பாரம் வருகிறதா? நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்று நின்று போக வேண்டியிருக்கிறதா? பாதம் மரத்துப்போகிறதா? புகை உண்டா, மது உண்டா? இரவில் குறட்டை எப்படி? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? பிறகு காலணியைக் கழற்றச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். இசைக்கவையை அதிர வைத்துக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நின்றது என்று கேட்டார். ஆண்மைக்கும் கால் கட்டைவிரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பாதத்து நரம்பைக் கெடுக்கிற சர்க்கரைதான் அங்கே போகும் நரம்பையும் கெடுக்கிறது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஆசை எழுந்ததும் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்புகள் செய்தி கொண்டு வருகின்றன. அந்த நரம்பு முனைகளிலிருந்தும் இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிப்படுகிறது. ஆணுறுப்பின் உள்ளே நுண்ணிய அறைகளாக இருக்கும் திசுவின் தசைகளை அது தளர்த்துகிறது. தளர்ந்ததும் இரத்தம் பாய்ந்து நிறைகிறது. நிறைந்த இரத்தம் திரும்ப வெளியேறாதபடி சிரைகள் அழுந்திக்கொள்கின்றன. இந்த நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 1998-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் பல வருடம் ஓடினால் நரம்பும் கெடுகிறது, குழாயின் உட்சுவரும் கெடுகிறது. அந்த வாயு போதுமான அளவு சுரப்பதில்லை. உடல் பருமனும், கொழுப்பும், ரத்த அழுத்தமும், புகையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அப்போது அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை உலுக்கியது. ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் உள்விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்தின் தமனிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர். மண் சேர்ந்தால் கடைமடைச் சிறு வாய்க்கால்தானே முதலில் தூர்ந்துபோகிறது? அதுபோல, இங்கே குறை தெரிந்து சில வருடங்களில் இதயத்தில் தொல்லை வெளிப்படுவது உண்டு. “உங்கள் உடம்பு முன்கூட்டியே தந்தி அடித்திருக்கிறது, அதைக் கிழித்துப் போடாதீர்கள்” என்றார். எனக்கு ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் செய்த பிறகுதான் மாத்திரையைப் பற்றிய பேச்சையே எடுத்தார். பதுங்கி வந்து மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் இழப்பது இந்த எச்சரிக்கையைத்தான். அட்டையை நீட்டிய ஒருவரிடம் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறாரா என்று எந்தக் கடைக்காரர் கேட்பார்?

இரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 9.4 இருந்தது. ஏழுக்குக் கீழே கொண்டுவருவது பொதுவான இலக்கு. கொழுப்பு, கிரியேட்டினின், தைராய்டு, சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவும் பார்த்தார்கள். அதைக் காலையில், வெறும் வயிற்றில், பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். மாலையில் அந்தச் சுரப்பு இயல்பாகவே குறைந்திருக்கும். முதல் முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எனக்குச் சரியாகவே இருந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரையும் தொப்பையும் உள்ளவர்களில் பலருக்கு அது குறைந்திருக்கும். உண்மையாகவே குறைந்திருந்து, அறிகுறியும் இருந்தால் ஊசி, ஜெல் என்று சிகிச்சை உண்டு. ஆனால் குழந்தைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் யாரோ சொன்னார்கள் என்று அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் போனால் உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உடற்பயிற்சிக் கூடத்துப் பழக்கத்தில் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

என் ரத்த அழுத்த மாத்திரையையும் அவர் மாற்றினார். அதுவரை அட்டெனோலாலும் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வகையும் சிலருக்கு விறைப்பைக் குறைக்கும். டெல்மிசார்டானுக்கு மாற்றியதில் எனக்கு ஓரளவு குணம் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அட்டெனோலால் வகையைத் திடீரென நிறுத்தினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். நெஞ்சு வலிகூட வரலாம். மாற்றுவது மருத்துவர் வேலை. கேட்பது நம் வேலை.

இனி அந்த மாத்திரை. சில்டெனாஃபில் முதலில் நெஞ்சு வலிக்காக ஆராயப்பட்டது. அந்த வேலைக்கு அது பெரிதாக உதவவில்லை. சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு வந்த இந்தப் பக்கவிளைவுதான் அதன் தலையெழுத்தை மாற்றியது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் செய்தியை உடல் சீக்கிரம் அழித்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே ஆசையோ தொடுதலோ இல்லாமல் அது வேலை செய்யாது. ‘போட்டுக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று குறைபடுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வயிறு கனக்காத நேரத்தில் எடுக்க வேண்டும். ஆம்பூர் பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் சாப்பிட்டு அதன்மேல் போட்டால் மருந்து உடம்பில் ஏறுவதற்கே வெகு நேரம் ஆகும். அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபிலுக்கு இந்தச் சாப்பாட்டுத் தடை அவ்வளவாக இல்லை. அதன் பலனும் 36 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு தடவை பலிக்கவில்லை என்று தூக்கி எறியவும் வேண்டாம். சரியான அளவில், சரியான நேரத்தில், ஆறேழு தடவையாவது பார்த்த பிறகுதான் பலன் இல்லை என்று முடிவு கட்டலாம் என்றார் என் மருத்துவர். தலைவலி, முகம் சிவந்து சூடேறுதல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டாலோ, ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்கினாலோ, நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றைத் தடித்த எழுத்தில் எழுத ஆசைப்படுகிறேன். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் பாய் ஒருவர், அறுபதை நெருங்குகிறவர், ஒரு நாள் சில்டெனாஃபில் கேட்டார். சீட்டு இல்லை. பணம் எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டபோது சில்லறையோடு சேர்ந்து ஒரு சிறு அட்டையும் வெளியே வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்; அதுவும் நைட்ரேட்தான். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்து உயிரே போகலாம். “பாய், இதையும் அதையும் சேர்த்தால் எழுந்திருக்க மாட்டீர்கள்” என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார், வேறு கடையில் வாங்கிவிடப் போகிறாரே என்று அவர் பின்னாலேயே தெருமுனை வரை ஓடி, அவருடைய மகனின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். இப்போது வேலூரில் இதய மருத்துவரிடம் காட்டுகிறார். சில்டெனாஃபில் எடுத்தால் 24 மணி நேரமும், டடாலாஃபில் எடுத்தால் 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. ஆகையால் அந்த இடைவெளியில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வெட்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, “இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன்” என்பதைத்தான் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கூடப் போகும் மனைவிக்கும் தெரிந்திருப்பது நல்லது. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்றவை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்துவிடுவார்கள்.

பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் இருப்பார், எந்த நம்பருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரத் தம்பி, அந்த லாட்ஜ் அறையில் இரண்டு மாதக் கூலியைக் கொடுத்து ஒரு லேகியப் புட்டியும் பெயரில்லாத பொட்டலங்களும் வாங்கி வந்தான். “நரம்பெல்லாம் செத்துவிட்டது, சின்ன வயதில் செய்த தப்பு” என்று அவனைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அந்த ஆள் அவன் சர்க்கரை அளவைக் கேட்கவே இல்லை. லேகியத்தில் வெல்லமும் தேனும். காலை மாலை உருண்டை உருண்டையாகத் தின்றிருக்கிறான். கடைக்கு வந்தபோது குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தேன்: 412. பொட்டலத்தைப் போட்ட அன்று மட்டும் பலன் இருந்ததாகச் சொன்னான். என்ன கலந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கப்படும் ஆண்மை மருந்துகளில் சில்டெனாஃபிலை மறைத்துக் கலப்பது பல நாடுகளில் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நைட்ரேட் சாப்பிடுகிற ஒருவர் அது தெரியாமல் விழுங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டம் 1954-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆண்மைக் குறைவுக்கும் நீரிழிவுக்கும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. அப்படியிருந்தும் சுவர்கள் நிறைந்துதான் இருக்கின்றன. முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. அவர்களும் சர்க்கரை அளவைப் பார்க்காமல் மருந்து தர மாட்டார்கள். லாட்ஜ் அறையில் நம் வெட்கத்தை விலைபேசுகிறவர்களைச் சொல்கிறேன்.

அடுத்தது முன்தோல். மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய இதை எண்ணித்தான் எத்தனை குடும்பங்கள் மனம் உடைந்திருக்கின்றன! முப்பது வயதிருக்கும் ஒரு பையன், விசைத்தறிக் கூடத்தில் வேலை, அரிப்புக்குக் களிம்பு கேட்டு வந்தான். முன்தோல் ஓரத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கிறதாம், வெள்ளையாகப் படிகிறதாம், பின்னால் தள்ளினால் கிழிந்து எரிகிறதாம். திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேறு ஏதோ கெட்ட நோய் என்று அவனும் பயந்து, மனைவியும் அவனைச் சந்தேகப்பட்டு, தாய் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். “களிம்பு இருக்கட்டும் தம்பி, முதலில் சர்க்கரை பார்” என்று பக்கத்து லேபுக்கு அனுப்பினேன். 330. அவனுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் அந்த ஈரத்தில் பூஞ்சை செழித்து வளரும். தறிக் கூடத்துப் புழுக்கமும், சித்திரை வெயிலும், காயாத உள்ளாடையும் சேர்ந்தால் இன்னும் மோசம். மருத்துவர் கொடுத்த பூஞ்சைக் களிம்பும் சர்க்கரைக் கட்டுப்பாடும் சில வாரங்களில் அவனைக் குணமாக்கின. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் மாமனார் வீட்டில் காட்டி மனைவியை அழைத்து வந்தான்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்லவை. ஆனால் இந்தப் பூஞ்சைத் தொற்றுக்கு வாய்ப்பைக் கூட்டும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்தாலே பெரும்பாலும் வராது. சோப்பை அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஸ்டீராய்டும் சேர்த்து மூன்று மருந்துகள் கலந்த களிம்புகளைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசவும் வேண்டாம். அரிப்பு உடனே அடங்கும், பிறகு தோல் மெலிந்து இன்னும் எளிதாகக் கிழியும். மனைவிக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி வெடித்து வெடித்து ஆறும் முன்தோல் இறுகி, பின்னால் தள்ளவே முடியாமல் போனால் சிறிய அறுவை சிகிச்சை உண்டு.

சிலருக்கு உச்சம் வரும், விந்து வெளிவராது. பிறகு கழிக்கும் சிறுநீர் கலங்கலாக இருக்கும். சிறுநீர்ப்பையின் வாயை மூடும் நரம்பைச் சர்க்கரை கெடுத்ததால், விந்து முன்னால் வராமல் பைக்குள் போய்விடுகிறது. உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் குழந்தைக்குக் காத்திருக்கிற வீட்டில், இது தெரியாமல் பெண்ணை மட்டும் கோயில் கோயிலாகவும் ஸ்கேன் ஸ்கேனாகவும் அலைய விடுகிறார்கள். அந்தச் சிறுநீரிலிருந்தே விந்தணுக்களைப் பிரித்தெடுத்துக் கருத்தரிக்க வைக்க முடியும். மாமியார்கள் இதைப் படித்தால் நல்லது.

என் மனைவியிடம் சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, மொட்டை மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்து, துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே, மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் கை வேலையை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்து, “என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்” என்றாள். “வெளியில் யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.” அத்தனை மாதமும் நான் முகத்தைத் திருப்பிப் படுத்த ஒவ்வொரு இரவையும் அவள் அப்படித்தான் அர்த்தப்படுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம், அவளுக்கு அவமானம். நோய் எனக்கு இருக்க, தண்டனை அவளுக்குக் கிடைத்திருந்தது. கணவன் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை மனைவி தன்மேல்தான் எழுதிக்கொள்வாள். ஆகவே மருத்துவரிடம் சொல்லும் அன்றே மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்.

பேச ஆரம்பித்த பிறகு அவளும் தன் சிரமத்தைச் சொன்னாள். மாதவிலக்கு நிற்கும் வயது. வறட்சியும் எரிச்சலும் இருந்திருக்கிறது, பொறுத்துக்கொண்டிருக்கிறாள். பெண் மருத்துவரிடம் காட்டினோம். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. கடை சாத்திவிட்டுப் பத்தரை மணிக்கு வந்து, சாப்பிட்ட களைப்போடு முயல்வதை விட்டோம். விடியற்காலை எங்களுக்கு ஒத்துவந்தது. உடல் ஓய்ந்திருக்கிறது, ஹார்மோனும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. முடியாத நாளில் அணைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பதும் தாம்பத்தியம்தான் என்று இருவரும் ஏற்றுக்கொண்டதும், அந்தப் பழைய பயம் தானாகக் கழன்றது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்றவையோ எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறவும் உழைப்புதான், அதில் சர்க்கரை இறங்கலாம். படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு டப்பா எப்போதும் இருக்கும்.

சாப்பாடும் நடையும் எல்லோரும் சொல்வதுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். நெல்லூர்ப்பேட்டை ஏரிப் பக்கம் தினம் முக்கால் மணி நேரம், வியர்க்கிற வேகத்தில் நடக்கிறேன். கேழ்வரகுக் களி சர்க்கரைக்கு மருந்து என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இரண்டு பெரிய உருண்டை தின்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஒரு சிறிய உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசல், கூடவே ஒரு முட்டை அல்லது கொஞ்சம் மீன் என்று மாற்றிக்கொண்டேன். பீடியும் புகையிலையும் குழாய்களை நேரடியாகச் சுருக்குகின்றன. இவற்றை விடாமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை. ஒரு வருடத்தில் என் எடை ஆறு கிலோ குறைந்தது. மூன்று மாதச் சராசரி 7.1-க்கு வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்றால், இல்லை. காலை விறைப்பு சில நாட்கள் வருகிறது. சில சமயம் மாத்திரை தேவைப்படுகிறது, சில சமயம் தேவைப்படுவதில்லை. கெட்ட நரம்பு முழுதாகத் திரும்புவது கடினம். மேலும் கெடாமல் தடுக்கலாம். சர்க்கரை புதிதாக வந்திருக்கும் இளைஞர்கள் இதைக் கவனியுங்கள். முதல் சில வருடங்களில் காட்டும் கட்டுப்பாடுதான் பின்னால் பலன் தருகிறது.

மாத்திரையே பலிக்காதவர்களும் உண்டு; சர்க்கரைக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அதற்குப் பிறகும் வழிகள் இருக்கின்றன. வெற்றிடக் குழாய்க் கருவி ஒன்று உண்டு. உறுப்பின்மேல் பொருத்திக் காற்றை உறிஞ்சினால் இரத்தம் வந்து நிறையும், அடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டு நிறுத்திக்கொள்வார்கள். அந்த வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. மிக மெல்லிய ஊசியால் உறுப்பின் பக்கவாட்டில் மருந்து போட்டுக்கொள்ளும் முறை இருக்கிறது; மருத்துவர் கற்றுத் தந்த பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் உள்ளே பொருத்தும் செயற்கைத் தண்டு உண்டு. அது நிரந்தரமானது, செலவும் அதிகம். பொருத்துவதற்கு முன் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். இவற்றையெல்லாம் பார்க்கிறவர் சிறுநீரியல் அறுவை சிகிச்சை நிபுணர், யூராலஜிஸ்ட். அதற்காகச் சென்னை வரை ஓட வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைதான் வேண்டுமென்றால் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். போகும்போது சர்க்கரை நோட்டையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்துப் போங்கள். அவரிடமும் மருத்துவர் கேட்க வேண்டியவை இருக்கும்.